ஓலைக்குடாப் பாதையில் ஒரு தீர்த்தம்

ராமேஸ்வரம் தீவில் ஆறு கிடையாது. மலையும் கிடையாது, கந்தமாதன பர்வதம் என்று பெரிய பெயர் தாங்கிய இடமே ஒரு மணல்மேடுதான். நாலாபுறமும் கடல். 1914இல் பாம்பன் ரயில் பாலம் வரும்வரை தீவுக்குள் நுழையப் படகுதான் வழி. அப்படியிருந்தும் காசியிலிருந்தும் மற்ற வடபுலத்து ஊர்களிலிருந்தும் யாத்திரிகர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கினார்கள், குளித்தார்கள், சமைத்தார்கள், செம்பில் நீர் மொண்டு ஊருக்கும் எடுத்துப்போனார்கள். அவ்வளவு பேருக்கும் ஈடுகொடுத்தவை தீவின் தீர்த்தங்கள்.

தீர்த்தம் என்றால் இன்று வருகிறவர்களுக்குத் தெரிவது ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22. கிழக்கே அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு வரிசையில் நின்று, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதற்குமேல் நேரமில்லை. ஆனால் கோயில் மதிலைத் தாண்டியும் தீர்த்தங்கள் உண்டு. ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம் 24 தீர்த்தங்களைச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் நிரம்பவழகிய தேசிகர் தமிழில் சேதுபுராணம் பாடினார். ஊர்வழக்கில் 64 என்று ஒரு கணக்கும் இருக்கிறது. ராம தீர்த்தம், லட்சுமண தீர்த்தம் போலச் சில, சாலையோரத்தில் படித்துறையோடு எல்லார் கண்ணிலும் படுகின்றன. மற்றவற்றில் பல, முள்ளுக்கும் மணலுக்கும் கீழே போயின.

அப்படிப் போன ஒன்றைத் தேடித்தான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஓலைக்குடாப் பக்கம் நடக்கத் தொடங்கினார். தீவில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் டீச்சர். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

ஓலைக்குடா, தீவின் வடகரையில் பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் மீனவர் ஊர். டீச்சரின் சிறுவயதில், 1970களில், அந்தப் பக்கம் போகும் மணல்பாதையின் இருபுறமும் பனையும் உடைமரமும் நின்றன. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் டவுனில் கூட்டம் நெரியும். அவருடைய அப்பத்தா அந்த நெரிசலுக்குப் போக மாட்டார். கடலில் முழுகி எழுந்ததும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடப்பார். பனங்கூட்டத்துக்குள் சதுரவாய்க் கிணறு ஒன்று. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கல்வரி. அப்பத்தா முதல் வாளியை மண்ணில் ஊற்றுவார். இரண்டாவது வாளி பேத்தியின் தலைக்கு. மூன்றாவதிலிருந்து குடத்துக்கு.

அந்தக் குடத்து நீருக்கு வீட்டில் தனி மரியாதை. காரணம் பக்தி மட்டும் இல்லை. “இந்தத் தண்ணியிலதான் பருப்பு மலரும்” என்பார் அப்பத்தா. வீட்டுக் கிணற்று நீரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நெற்றாகவே கிடக்கும். தீர்த்தத் தண்ணீரில் போட்டால் மத்து தேவையில்லை, கரண்டியாலேயே மசிந்துவிடும். கடினத்தன்மை குறைந்த நீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்பது வேதியியல். அப்பத்தா அதை அடுப்படியில் தெரிந்து வைத்திருந்தார்.

கிணற்றுக்கு என்ன பெயர் என்று அன்றைக்குப் பேத்தி கேட்கவில்லை. அப்பத்தாவுக்கு அது ‘தீர்த்தம்’ மட்டும்தான். அவர் காலமான பிறகு குடம் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஆள் இல்லை. டீச்சர் படிக்கவும் வேலைக்கும் வெளியூர் போனார். தெருக்குழாய் வந்தது, ஆழ்குழாய்க் கிணறு வந்தது, காவிரி கூட்டுக் குடிநீர் வந்தது. பனைகள் குறைந்தன. சீமைக்கருவேலம் புகுந்தது. பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பியவருக்குக் கிணறு இருந்த திசை நினைவில் இருந்தது, இடம் இல்லை.

தேடத் தூண்டியது ஒரு பெயர்ப்பலகை. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் அண்மை ஆண்டுகளில் தீவின் பல தீர்த்தங்களைத் தூர்வாரிக் கரை கட்டியிருக்கிறது. கந்தமாதன பர்வதத்துக்குப் போகும் வழியில் சுக்ரீவ தீர்த்தம், அங்கத தீர்த்தம், ஜாம்பவான் தீர்த்தம் என்று ராமாயணச் சேனையே அடுத்தடுத்து நிற்கிறது. முள்காடாகத் தான் பார்த்த இடத்தில் படிகளோடு தண்ணீரும் பெயர்ப்பலகையும் நிற்பதைக் கண்டு, ‘அப்பத்தாவின் கிணறும் இப்படி எங்கோ மூடிக் கிடக்கத்தானே செய்யும்?’ என்று டீச்சருக்குத் தோன்றியது.

தேடலின் முதல் கட்டம் காகிதம். சேது மாகாத்மியத்தின் அமைப்பே ஒரு யாத்திரைத் தடம். இந்தத் தீர்த்தத்தில் நீராடியபின் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வரிசையாக நகர்கிறது. கதைகளை அப்பால் வைத்துவிட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால், வெயிலில் நடக்கிற மனிதனுக்கு எந்த இடத்துக்குப் பின் எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்ற பட்டியல் கையில் நிற்கிறது. இதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்ட டீச்சர், அடுத்துக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கக் கேட்டார். புலப்படத்தில் நில அளவையாளர்கள் கிணற்றைச் சிறு வட்டமாகக் குறித்திருப்பார்கள். அவர் தேடிய பகுதியின் தாள்களில் இப்படி வட்டங்கள் கிடைத்தன; எதற்கும் பெயர் இல்லை.

இரண்டாம் கட்டம் மனிதர்கள். வயதானவர்களைத் தேடிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். ஒருவர் கிழக்கே கை காட்டினார். இன்னொருவர் அது குளம், கிணறே இல்லை என்று அடித்துச் சொன்னார். ஓலைக்குடாவில் ஒரு மீனவப் பெண் சொன்னது மட்டும் ஒட்டியது. அவர் கிறிஸ்தவர். கல்யாண வீட்டுச் சமையலுக்கு அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்து வருவார்கள் என்று தன் தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். “அந்தத் தண்ணியில வடிச்சா சோறு வெள்ளையா இருக்குமாம் டீச்சர்.” அப்பத்தாவின் பருப்பும் இந்தச் சோறும் ஒரே கிணற்றில் வெந்தவை என்று டீச்சருக்கு உறுதியாகிவிட்டது.

இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டி. அவருக்குக் கிணறு என்று ஒன்று இருந்ததே தெரியாது.

“கெணறெல்லாம் நான் பாக்கல. ஒரு பள்ளம் இருக்கு. கோடையில எல்லாப் புல்லும் காஞ்சு போனாலும் அங்கிட்டு மட்டும் அறுகு பச்சையா கெடக்கும். ஆடு என்னையக் கேக்காமலே போயிரும்.”

“எங்க ஆத்தா அது?”

“வாங்க, ஆட்டுப் பின்னாடியே போவோம்.”

ஆடுகள் போய் நின்ற இடம், புலப்படத்தின் ஒரு வட்டத்தோடு ஏறக்குறையப் பொருந்தியது. கருவேலங்கிளைகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது தரை லேசாகக் குழிந்திருந்தது. நடுவில் மணல் ஈரமாக இருந்தது. விளிம்பில் வேர் பிளந்த இடத்தில் ஒரு கல்முனை தெரிந்தது. டீச்சர் மண்டியிட்டு விரலால் மணலைத் தள்ளினார். கல்லின் முகத்தில் சின்னச் சின்னப் பூக்களை நெருக்கி அச்சடித்ததுபோன்ற தடம். பவளக்கல். ஒவ்வொரு பூவும் ஒருகாலத்தில் ஓர் உயிர் குடியிருந்த அறை. கற்களின் இடுக்கில் சுண்ணாம்புக்காரை நகத்துக்கு உதிராமல் பிடித்திருந்தது.

தீவின் பழைய கட்டுமானங்களில் பவளக்கல் சாதாரணம். கிடைத்த கல் அதுதான். இன்று அதைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். கடினப் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே தோண்டும்போது சரிந்து விழும் ஒவ்வொரு கல்லையும் எடுத்து வரிசையாக அடுக்கி வைக்கச் சொன்னார் டீச்சர். மறுபடி கட்ட வேறு கல் இல்லை.

வருவாய்த் துறையில் இடம் புறம்போக்கு என்று உறுதிசெய்துகொண்டு, வாய்மொழி அனுமதியை எழுத்தாக வாங்கி, வேலை தொடங்கியது. பழைய மாணவர்கள் மண்வெட்டியும் சாந்துச்சட்டியும் கயிறுமாக வந்தார்கள். கருவேலத்தை வேரோடு எடுத்தார்கள். மேலே பிளாஸ்டிக்கும் கண்ணாடியும், அதன் கீழே காற்று கொண்டுவந்து கொட்டிய வெறும் மணல், அதற்கும் கீழே கறுத்த சேறு. சேற்றில் ஓட்டுச் சில்லுகளும் ஒரு பனையோலைப் பட்டையின் மட்கிய நாரும் வந்தன. அலுமினிய வாளிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் முந்தைய காலத்தில் தண்ணீர் இறைத்தது ஓலைப்பட்டையால்தான். நாரைக் கையில் வாங்கிய ஒரு மாணவர் அதைத் தூக்கி எறியாமல் கல்லடுக்கின் மேல் பத்திரமாக வைத்தார்.

ஒன்றரை ஆள் ஆழத்தில் மணல் வாயிலிருந்து நீர் கசிந்தது. முதலில் கலங்கல். இறைத்து ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி இறைத்தபின் தெளிந்தது. டீச்சர் முதல் வாளியை மண்ணில் ஊற்றினார். அடுத்த வாளியிலிருந்து ஒரு கை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. காதைத் தீட்டினால் அலையோசை கேட்கும் தூரத்தில் அவ்வளவு நல்ல தண்ணீர்.

இது எப்படி நடக்கிறது என்பதை அவர் அன்று அங்கே நின்ற பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதுபோலவே விளக்கினார். வடகிழக்குப் பருவமழை தீவில் பெய்யும்போது மணல் அதை ஓடவிடாமல் குடித்துவிடுகிறது. கீழே நாலா பக்கமிருந்தும் கடல்நீர் ஊடுருவி நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அதிகம். அதனால் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு வில்லையாகப் படிகிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். ஐரோப்பியக் கடற்கரைகளில் வேலை செய்த கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டுசொன்ன கணக்கு இது.

கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்து. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழே உப்புநீர் 40 அடிவரை ஏறி வர இடம் கிடைக்கிறது. மோட்டார் வைத்து ஒரே இடத்தில் உறிஞ்சினால் அந்த இடத்தின் அடியில் உப்பு கூம்பாக எழும்பும்; பிறகு அது இறங்க வருஷங்கள் ஆகும். வாளியால் இறைத்தால் அந்தத் தொல்லை வருவதில்லை. தூர்வாரும்போது சீக்கிரம் முடிக்க டீசல் மோட்டார் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே நின்ற முதியவர் ஒருவர் ஒரே பேச்சில் தடுத்துவிட்டார்: “மிசின் போட்டா தண்ணி கோச்சுக்கும்பா. கையால எறைங்க.”

தீவின் மற்ற இடங்களும் இதையே சொல்கின்றன. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தத்தில் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு. சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதிகம். சுற்றிலும் கடல் தளும்ப, நடுவில் வாளியை இறக்கினால் குடிக்கத்தக்க நீர் வருகிறது. தரைக்குள்ளிருந்து கடலை நோக்கித் தள்ளும் நன்னீர் அங்கே வாய் திறக்கிறது.

தனுஷ்கோடியில் இன்னும் எளிமை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக்குடிசை போட்டு அங்கே திரும்பின. குழாயும் மின்சாரமும் இல்லாத இடத்தில் அவர்களைத் தாங்கியது மணலில் கையால் தோண்டிய ஊற்று. கடலுக்குச் சில எட்டுத் தூரத்தில் முழங்கை ஆழம் பறித்துக் காத்திருந்தால் நீர் ஊறும். பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைப்பார்கள். அவசரப்பட்டு ஆழமாகப் பறித்தால் உப்பு. டீச்சர் தன் மாணவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த நன்னீர் வில்லையை அவர்கள் உள்ளங்கையில் குடித்துப் பார்த்தார்கள்.

தீர்த்தங்களைப் புனிதம் என்று கொண்டாடிய பழக்கத்துக்குள் இந்த நீர் நியாயம் அடங்கியிருக்கிறது என்பது டீச்சரின் கட்சி. தீர்த்தத்தில் எச்சில் படுத்தக்கூடாது, பக்கத்தில் அசுத்தம் செய்யக்கூடாது, முதல் வாளியை மண்ணுக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றிலேயே அடைந்துகிடக்காமல் அடுத்த தீர்த்தத்துக்கு நகர வேண்டும். மெல்லிய நீர்ப்படலத்தை நம்பி வாழ்கிற தீவு அதைக் கெடாமல் வைத்துக்கொள்ள இதைவிட வேறு என்ன விதி எழுத முடியும்? ஆயிரக்கணக்கான யாத்திரிகர்களும் ஒரே கிணற்றில் விழாமல் பல கிணறுகளில் பிரிந்து இறைத்ததால் நீர்மட்டம் ஓரிடத்தில் மட்டும் தாழவில்லை. வாளி நின்றபோதுதான் கிணறுகள் செத்தன. இறைக்காத கிணறு தூர்ந்துபோகும். தூர்ந்த கிணறு மறந்துபோகும். மறந்த இடத்தில் யாராவது கழிவுநீர்க் குழி வெட்டுவார்கள். இன்று தீவில் விடுதிகள் பெருகியிருக்கின்றன. வீட்டுக்கு வீடு கழிவுத்தொட்டி இறங்குகிறது. மழைநீரைத் தடுக்காமல் உள்ளே விடுகிற அதே மணல், கழிவையும் உள்ளே விடும். காவிரி வருகிறதே என்று கேட்பவர்களிடம், “வழியில கொழா உடைஞ்சா ராமேஸ்வரத்துல என்ன செய்வீங்க?” என்று கேட்கிறார் டீச்சர்.

நீரைப் பரிசோதிக்க அனுப்பினார்கள். கரைந்த உப்பின் அளவு, இந்திய தர நிர்ணய அமைப்பு ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கும் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. வேறு வழியில்லாத இடங்களில் அனுமதிக்கப்படும் 2000-க்கு வெகு கீழே நின்றது. கடல்நீரில் அது சுமார் 35,000. நீண்ட நாள் மூடிக்கிடந்ததால் கிருமி நீக்கம் செய்யாமல் குடிக்க வேண்டாம் என்று ஆய்வகம் சொன்னது. குளோரின் போட்டு, இறைத்து, மீண்டும் பரிசோதித்தபின் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த நீரில் டீச்சர் முதலில் செய்தது துவரம்பருப்பு வேகவைத்தது. கரண்டியால் மசிந்தது.

பெயர் மட்டும் முடிவாகவில்லை. சேது மாகாத்மியத்தின் வரிசையை வைத்து ஒருவர் ஒரு பெயர் சொன்னார். குருக்கள் ஒருவர் வானர சேனையில் ஒருவரின் பெயராக இருக்கும் என்றார். பலகைக்குப் பணம் தருவதாகச் சொன்னவருக்குத் தன் குலதெய்வத்தின் பெயரை வைக்க ஆசை. கல்லில் எழுத்து எதுவும் இல்லாதபோது புதிதாக ஒரு புராணம் கட்டுவதை டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. பலகையில் ‘தீர்த்தம்’ என்று மட்டும் எழுதி, கீழே மூன்று வரி சேர்த்தார்: வாளியால் இறைக்கவும், சோப்பு கூடாது, ஐம்பதடிக்குள் கழிவுக்குழி வெட்டக் கூடாது.

மேல்வரி பழைய கற்களாலேயே மறுபடி எழுந்தது. குறைந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து நிரப்பினார்கள், சிமெண்ட் தொடவில்லை. ஓலைக்குடாவிலிருந்து பெண்கள் சிலர் சமையலுக்கு நீர் எடுக்க வருகிறார்கள். அமாவாசைக்கு டவுனிலிருந்து சில குடும்பங்கள் நடந்து வருகின்றன. ஆட்டுக்கார மூதாட்டிக்காகப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். கிணற்றில் இறைப்பவர் யாரானாலும் தொட்டியில் ஒரு வாளி ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த விதி.

டீச்சரின் நோட்டில் புலப்படத்து வட்டங்கள் இன்னும் மீதமிருக்கின்றன. இரண்டின் மேல் வீடு எழும்பிவிட்டது. ஒன்று தனியார் தோப்புக்குள் இருக்கிறது. உரிமையாளர் சென்னையில், பேச்சு நடக்கிறது. இன்னொன்று சங்குமால் பக்கம், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். அங்கே கருவேலம் வெட்ட அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் தூர்வாரி முடித்தால் இந்த வருஷத்து நீரையே பிடித்துவிடலாம் என்று மண்வெட்டிகளுக்குப் புதுக்காம்பு போடக் கொடுத்திருக்கிறார்.